வலேரியு கல் வளர்த்த கதை

திருடர்களைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. திருடர்கள் பாவம், தாங்கள் திருடர்கள் என்பது அவர்களுக்கே தெரியும். நான் சொல்ல வருகிற இனத்துக்கு அது தெரியாது. பேருந்தில் தவறாமல் சீட்டு வாங்கும், கடைக்காரர் கணக்குத் தப்பிக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைத் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வரும், தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றும், யாராவது வேலிக்கு வெளியே தொங்கும் ஆப்பிளைப் பறித்தால் நிறுத்திவைத்து ஒழுக்கம் போதிக்கும். ஆனால் பாதுகாக்கப்பட்ட மலையிலோ காட்டிலோ குகையிலோ கால் வைத்துவிட்டால் மட்டும், திரும்பி வரும்போது அதன் சட்டைப்பை கனத்திருக்கும். கேட்டால், "சும்மா, ஒரு ஞாபகார்த்தத்துக்கு" என்று சொல்லும். ஆகவே இந்த இனத்துக்கு ஞாபகார்த்தர்கள் என்று நானே பெயர் வைத்துவிட்டேன். எல்லா நாட்டிலும் உண்டு. கார்ப்பாத்திய மலையடிவாரத்தில், எங்கள் ஓல்டேனியா வட்டாரத்தில், மண்ணும் மழையும் நன்றாக இருப்பதால் கொஞ்சம் செழிப்பாகவே வளர்கிறது.

எப்படி அடையாளம் காண்பது? எளிது. பூங்கா வாசலில் 'எதையும் எடுக்காதீர்கள், பறிக்காதீர்கள்' என்று ஒரு பலகை இருக்கும் அல்லவா? அதை யாரும் படிப்பதில்லை. ஒருவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து அடியில் உள்ள அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்து, "ரொம்ப சரி. இப்படித்தான் கண்டிப்பா இருக்கணும். நம்ம ஜனங்களுக்கு விவஸ்தையே கிடையாது" என்று தலையாட்டுவார். அவர்தான். கொஞ்ச தூரம் போனதும் அவருடைய பூட்ஸ் கயிறு அவிழும். ஞாபகார்த்தர்களின் பூட்ஸ் கயிறு அவிழ்ந்த இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், நாட்டின் அழகான இடங்கள் ஒன்றுவிடாமல் கிடைத்துவிடும். குனிந்தவர் நிமிரச் சற்று நேரமாகும். நிமிரும்போது வானத்தைப் பார்த்து, "அடடா, என்ன காத்து!" என்பார்.

நியாயத்துக்குக் குறைச்சலா? "நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுத்துட்டுப் போவான்." "மலையே நிக்குது, ஒரு கல்லுல என்ன கொறைஞ்சு போச்சு?" "இங்கயே கெடந்தா மழையில வீணாத்தானே போகும்?" மழையில் வீணாய்ப் போன கல்லை நீங்கள் யாராவது பார்த்ததுண்டா? அதே நேரம் பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர் குனிந்து ஒரு தேவதாருக் காயை எடுத்துவிட்டால் போதும், நம்மவருக்கு ரத்தம் கொதிக்கும். "பாத்தியா? நம்ம நாட்டையே அள்ளிக்கிட்டுப் போறான்!" என்று மனைவியிடம் பல்லைக் கடிப்பார். கடிக்கும்போது அவர் சட்டைப்பையில் இரண்டு கற்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் ரிம்னிக் நகரத்து வலேரியு டோகாருவைச் சொல்லலாம். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவு அதிகாரி. மீட்டரில் காந்தத்தை ஒட்டிவைத்து முள்ளை ஓடவிடாமல் செய்து தண்ணீர் திருடுகிறவர்களைப் பிடிப்பது அவருடைய வேலை. பிடிபட்டவர் கையைப் பிசைந்துகொண்டு, "ஒரு வாளித் தண்ணிதானே சார்" என்று கெஞ்சினால், "ஆளாளுக்கு ஒரு வாளின்னு அள்ளினா ஆறு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்பார். நல்ல கேள்வி. அதை அவர் அலுவலக நேரத்தில் மட்டும் கேட்பார்.

விடுமுறையானால் பழைய டாச்சியா காரில் மனைவி வியோரிக்காவை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு வந்த படிகக் கோப்பைகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முன்வரிசையில் கற்கள், கிளிஞ்சல்கள், தேவதாருக் காய்கள், குகைக் கூரையில் தொங்கிய சுண்ணாம்பு விழுதிலிருந்து ஒடித்த நுனி ஒன்று, பறிக்கவே கூடாத மலைப்பூ ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் காய்ந்துபோய். யார் வந்தாலும், வந்தவர் மேலங்கியைக் கழற்றுமுன் அலமாரிக்கு அழைத்துப் போய்விடுவார். "இது ரெட்டெசாட் மலை உச்சியில எடுத்தது, மூச்சு வாங்கிப்போச்சு!" அதே கல் கிறிஸ்துமஸுக்கு ரெட்டெசாட்டிலிருந்து வந்திருக்கும், ஈஸ்டருக்கு அபுசேனி மலையிலிருந்து வந்திருக்கும். மூச்சு மட்டும் இரண்டு தடவையும் வாங்கும்.

"மனுஷா, காப்பி ஆறிப்போச்சு. அவங்க மலையேறி எறங்கறதுக்குள்ள நான் இன்னொரு தடவை போடணும்" என்று சமையலறையிலிருந்து வியோரிக்கா குரல் கொடுப்பாள்.

இதுவரைக்கும் வலேரியு எல்லா ஊர் ஞாபகார்த்தர்களைப் போலத்தான். இனி வருவது எங்கள் ஊருக்கே உரியது. எங்கள் பக்கத்தில் வளரும் கற்கள் உண்டு. மணல்மேடுகளிலிருந்து உருண்டை உருண்டையாய்ப் புடைத்துக்கொண்டு நிற்கும். மழையைக் குடித்துப் பெருக்கும், குட்டி போடும் என்று எங்கள் ஜனங்கள் தொன்றுதொட்டுச் சொல்லி வருகிறார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மனசுக்குள் நம்புவோம். அப்படிப்பட்ட கற்கள் உள்ள ஒரு மேட்டைச் சுற்றி வேலி போட்டுக் காப்பகமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கேயிருந்து வலேரியு ஒரு கல்லைக் கொண்டுவந்தார். எப்படிக் கொண்டுவந்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம், பொறுங்கள். மற்ற ஊர் ஞாபகார்த்தர் கல்லைக் கொண்டுவந்தால் அலமாரியில் வைப்பார். எங்கள் ஊர் ஞாபகார்த்தர் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்.

வெள்ளரிக்காய் ஊறுகாய்ப் பீப்பாயை உள்ளே தள்ளிவிட்டு, பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து, மணல் பரப்பி, கல்லை அதில் உட்காரவைத்தார். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஊற்றமாட்டார். அதில் என்னென்ன கலக்கிறார்கள் என்பது குடிநீர் அலுவலகத்துக்காரருக்குத் தெரியாதா? மொட்டைமாடியில் வாளிகளை வைத்து மழைத்தண்ணீர் பிடித்து வந்து, காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு குவளை, வந்ததும் ஒரு குவளை. ஈஸ்டருக்கு ஈஸ்டர் வியோரிக்காவின் துணியாலான அளவுநாடாவை எடுத்து, ஈரக்கல்லின் இடுப்பைச் சுற்றி அளப்பார். ஒவ்வொரு தடவையும் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, அந்த நாடா சுருங்கிக்கொண்டே வந்தது. ஆகவே கல் வளர்ந்துகொண்டே வந்தது.

கீழ்த்தளத்து பிலோஃப்தெயா அம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தது.

"வலேரியு சார்! என் போர்வையில மறுபடியும் செம்மண் தண்ணி! மேல என்ன, பன்னிக்குட்டி வளக்கறீங்களா?"

"கல்லு, மேடம்."

"கல்லா?"

"வளர்ற கல்லு."

அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "சரி. பெருசானப்புறம் கிறிஸ்துமஸுக்கு அறுத்தீங்கன்னா எனக்கும் ஒரு பங்கு அனுப்புங்க" என்று சொல்லிப் போர்வையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். வலேரியுவும் ஆறு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகள், ஸ்மாரண்டா. மருந்துக்கடையில் வேலை. ஹோரியா என்கிற கால்நடை மருத்துவரை அவளுக்குப் பிடித்துப்போய், நிச்சயமோதிரமும் போட்டுக்கொண்டாயிற்று. ஆனால் அவனை ஒரு தடவைகூட வீட்டுக்குள் கூட்டிவந்ததில்லை. வந்தால் அப்பா அலமாரியைக் காட்டுவார். அலமாரியோடு நின்றாலும் பரவாயில்லை, பால்கனிக்குக் கூட்டிப்போய் நாடாவைக் கையில் கொடுப்பார். ஆகவே காப்பிக்கடையிலும் பூங்கா பெஞ்சிலுமாக வருங்கால மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஹோரியாவின் பெற்றோர், பெண்வீட்டாரைத் தங்கள் கிராமத்துக்கு ஞாயிறு விருந்துக்கு அழைத்தார்கள். சம்பந்திகள் முதல்முதலாகச் சந்திக்கிற நாள். கல்யாணத் தேதி அங்கேதான் முடிவாக வேண்டும்.

முந்தின நாள் ஸ்மாரண்டா அப்பாவைச் சமையலறையில் பிடித்து உட்காரவைத்தாள்.

"அப்பா, ஒரே ஒரு விஷயம். நாளைக்கு ஒரு நாள் கல்லைப் பத்தி வாயைத் தொறக்கக்கூடாது."

"ஏம்மா, கல்லுல என்ன தப்பு?"

"ஹோரியாவோட அப்பா வனத்துறையில இருக்காரு."

வலேரியு யோசித்தார். "நாத்துப் பண்ணையிலன்னுதானே சொன்னே? அப்ப மரந்தானே? கல்லு அவரு இலாகா இல்லையே?"

"அப்பா! எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு. அந்த வீட்டுல வாழணும்னு ஆசையா இருக்கு. கெடுத்துடாதீங்கப்பா." வலேரியுவுக்கு மனசு கரைந்துவிட்டது. மகள் என்றால் அவருக்கு உயிர். அதில் கேலி பண்ண ஒன்றுமில்லை.

"சத்தியமா வாயே தொறக்கமாட்டேன்."

"சத்தியம் பண்ணாதே மனுஷா. சாப்பிடறதுக்காவது தொறக்கணும்" என்றாள் வியோரிக்கா.

மறுநாள் சம்பந்தி பந்தேலிமோன் வாசலிலேயே நின்று வரவேற்றார். கனத்த உடம்பு, குறைவான பேச்சு. அவர் மனைவி அக்லாயா அதற்கும் சேர்த்துப் பேசினாள். முற்றத்து வாதுமை மரத்தடியில் மேஜை போட்டு, கோஸ் இலையில் கறியும் அரிசியும் சுருட்டி வேகவைத்த சர்மாலே, ஆவி பறக்கும் சோளக்களி, வீட்டிலேயே காய்ச்சிய பிளம்ஸ் சாராயம். வலேரியு அன்றைக்கு ஒழுக்கத்தின் உருவமாக இருந்தார். மழையைப் பற்றிப் பேசினார். பிளம்ஸ் விளைச்சலைப் பற்றி விசாரித்தார். சாலை மோசம் என்றார். ஸ்மாரண்டாவுக்கு மெல்ல மெல்ல மூச்சு திரும்பி வந்தது. பந்தேலிமோன் அவள் தட்டில் தானே ஒரு கரண்டி சர்மாலே வைத்து, "சாப்பிடும்மா, மெலிஞ்சு கெடக்கறே" என்றார். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் கெட்டது காப்பி வந்த நேரத்தில். அக்லாயா தட்டைக் கொண்டுவந்து மரத்தடியில் கிடந்த ஓர் உருண்டைக் கல்லின்மேல் வைத்தாள். வலேரியு பார்த்தார். வளரும் கல். அந்த வீட்டின் சொந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கிடப்பது. அதன்மேல் காப்பித் தட்டு! ஒரு வாய் சாராயம் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஊருல இது வளரும்பாங்க" என்றாள் அக்லாயா, விருந்தாளி அதைப் பார்ப்பதைக் கவனித்து. "நான் கல்யாணமாகி வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

"கல்லாவது வளர்றதாவது. சும்மா கதை" என்றார் பந்தேலிமோன்.

வியோரிக்கா மேஜைக்கடியில் கணவர் காலை மிதித்தாள். ஸ்மாரண்டா கண்ணால் கெஞ்சினாள். வலேரியு உதட்டைக் கடித்துக்கொண்டார். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஞாபகார்த்தரால் சத்தமில்லாமல் எடுக்க முடியும். சத்தமில்லாமல் வைத்திருக்க முடியாது. யாரும் பார்க்காத கல்லால் அவருக்கு என்ன பயன்? குடித்த சாராயம் ஒருபக்கம், பட்டினி கிடக்கும் அந்தக் கல் ஒருபக்கம். மனிதர் எவ்வளவுதான் தாங்குவார்?

"மழைத்தண்ணி படுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னது?"

"இல்ல, மரத்தடியில இருக்கு. நேரா மழை விழாது. அதான் வளரலை. மழைத்தண்ணி புடிச்சு ஊத்தணும். குழாய்த்தண்ணி ஆகாது, குளோரின்."

ஹோரியா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்மாரண்டாவைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தேலிமோன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அனுபவத்துல சொல்றீங்களா சம்பந்தி?"

"சும்மா… எங்கயோ படிச்சேன்."

"வளருதா?" பந்தேலிமோன் குரலில் கோபமே இல்லை. மரியாதையாக ஒரு கோப்பை ஊற்றி முன்னே நகர்த்தினார். ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு மனிதர் உண்மையான அக்கறையோடு கேட்கிறார். வலேரியு என்ன செய்வார்? அவரும் மனிதர்தானே?

"வளருதாவா? ஆறு வருஷத்துல ரெண்டு விரக்கடை! இடுப்பளவு எடுத்து வச்சிருக்கேன்!"

"மனுஷா, வாயை மூடு" என்றாள் வியோரிக்கா.

"எவ்வளவு பெருசு?" என்றார் பந்தேலிமோன். வலேரியு கையை விரித்துக் காட்டினார். "ரெட்டைத் தலையா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு தலையில வெட்டுக்காயம் மாதிரி ஒரு கோடு?"

"சம்பந்தி!" வலேரியுவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எழுந்து அவர் தோளைத் தட்டினார். "நீங்க நம்ம ஆளு!"

"அவ்வளவு பெரிய கல்லை வாசலைத் தாண்டி எப்படிக் கொண்டுபோனீங்க? அங்க காவல் உண்டே?"

இந்தக் கேள்விக்காகத்தான் வலேரியு ஆறு வருஷம் காத்திருந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு நடித்தே காட்டினார். "உக்கார்றதுக்குக் கொண்டுபோன கம்பளியில சுத்தி, இதோ இப்படித் தோள்ல சாச்சுக்கிட்டேன். இவ பின்னால பால்புட்டி மாதிரி தண்ணி பாட்டிலைப் புடிச்சுக்கிட்டு வந்தா. வாசல்ல ஒரு தொப்பிக்காரன் நின்னான். வெகுளி. 'பேரப்பிள்ளை தூங்குதா?'ன்னு கேட்டு, ரெண்டு கதவையும் தொறந்துவிட்டு, என்ன சொன்னான் தெரியுமா? 'மெதுவா போங்க, முழிச்சுக்கப் போகுது'ன்னான்!" சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அந்தத் தொப்பிக்காரன் நான்தான்" என்றார் பந்தேலிமோன்.

வாதுமை மரத்தில் ஏதோ ஒரு பறவை கத்திற்று. வலேரியு சிரித்த வாயை மூட மறந்து நின்றார். அன்றைக்கு அவர் பார்த்ததெல்லாம் தொப்பியைத்தான். அதற்குக் கீழே இருந்த முகத்தை யார் பார்த்தார்கள்?

அக்லாயாதான் வெடித்தாள். "அக்கா தங்கச்சின்னு அந்தக் கல்லுக்கு ஊரே பேரு வச்சிருந்துச்சு! காப்பகத்து அட்டையில அது படம்தான் போட்டிருந்தாங்க! அது காணாமப் போனதும் இவருதான் வித்துட்டாருன்னாங்க. வாசல்ல நின்னவனுக்குத் தெரியாம அம்மாம் பெரிய கல்லு எப்படிப் போகும்னு கேட்டாங்க. இவரு என்ன பதில் சொல்லுவாரு? நாத்துப் பண்ணைக்கு மாத்திட்டாங்க. கிட்சா மதுக்கடையில இவரு நுழைஞ்சா, 'பந்தேலிமோன் அண்ணே, ஒரு மலை என்ன வெலைக்குப் போகும்?'ங்கறான். ஆறு வருஷமா இந்த மனுசன் அந்தப் பக்கம் நடக்கறதே இல்ல. உங்களுக்கு அது சிரிப்பா இருக்கா?"

"ஒரே ஒரு கல்லுதானே…" என்று வலேரியு முனகினார்.

"ஆமா சம்பந்தி. ஒரே ஒரு கல்லுதான்" என்றார் பந்தேலிமோன். "விசாரணைக்கு வந்தவங்களும் அதைத்தான் கேட்டாங்க. ஒரே ஒரு கல்லைக்கூட உன்னால பாத்துக்க முடியலையான்னு."

அப்போது ஸ்மாரண்டா விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினாள். ஹோரியா, "நீ என்ன பண்ணினே? இதுக்கும் உனக்கும் என்ன?" என்று அவள் கையைப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"அந்தக் கல்லு பழைய எடத்துக்குப் போகட்டும். இவங்க மேல விழுந்த பேரு போகட்டும். அதுவரைக்கும் நான் எந்த மொகத்தோட இந்த வீட்டுக்குள்ள வருவேன்?" என்றாள். அழுகை வந்தது, அழுதாள்.

அந்த வாரம் முழுக்க வலேரியுவுக்குத் தூக்கமில்லை. சரி, நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அவர் முதலில் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். விடியுமுன் போவது, வேலிக்கு மேலாகக் கல்லை உள்ளே உருட்டிவிடுவது, வந்த வழியே திரும்பிவிடுவது. எடுக்கிறபோது பழகின வித்தை, வைக்கிறபோது மறந்துபோகுமா? தொலைபேசியில் சம்பந்தியிடம் சொன்னார்.

"போறப்போ திருட்டுத்தனமா போச்சு. வர்றப்போ பட்டப்பகல்ல வரட்டும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஊரு வெளிய வர்ற நேரத்துக்கு வாங்க. கம்பளி வேணாம்" என்று சொல்லிப் பந்தேலிமோன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து மணி ஓய்ந்து ஜனங்கள் படியிறங்கும்போது, தெருவோரம் டாச்சியா நின்றது. கோட்டும் டையும் அணிந்த ஒரு பெரிய மனிதர் இரட்டைத் தலைக் கல் ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் வியோரிக்கா, ஸ்மாரண்டா. எதிரே பந்தேலிமோன் குடும்பம். ஊர் சும்மா இருக்குமா? காப்பகம் வரைக்கும் கூடவே வந்தது. வழியில் மதுக்கடை வாசலிலிருந்து கிட்சா கூப்பிட்டான்:

"அக்கா தங்கச்சி மாதிரி இருக்கே! யாருப்பா இந்த ஆளு? எங்கேர்ந்து கெடைச்சுது?"

எல்லோரும் நின்றுவிட்டார்கள். வலேரியு கல்லை இறுக்கி அணைத்துக்கொண்டார். வாழ்நாளில் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார், எத்தனை பேர் அவர் முன்னால் இப்படி நின்றிருக்கிறார்கள்! "எங்கிட்ட… பத்திரமா இருந்துச்சு" என்றார்.

மோதிரம் ஸ்மாரண்டாவின் மூடின கைக்குள் இருந்தது.

"நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றார், குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

மூடின கை திறக்கவில்லை. வலேரியு மகளைப் பார்த்தார். பந்தேலிமோனைப் பார்த்தார். அந்த மனிதர் ஊரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆறு வருஷமாக நிற்கிற மாதிரியே.

"திருடினேன்" என்றார் வலேரியு. "இவரு விக்கலை. இவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் இவரை ஏமாத்தித் திருடினேன்."

கிட்சா உள்ளே போய் ஒரு கோப்பை சாராயம் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பந்தேலிமோனிடம் நீட்டினான். "அண்ணே, நான் பேசினதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க." பந்தேலிமோன் வாங்கிக்கொண்டார். கண் கலங்கிற்று, ஊரே பார்க்கத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் கையிலிருந்த கல் முதல்முறையாக வலேரியுவுக்கு மெய்யாகவே கனத்தது.

காப்பகத்துக்குள், மேட்டின் சரிவில், கல் உட்கார்ந்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. வலேரியு மண்டியிட்டுக் கல்லை இறக்கினார். கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு நூல் இழை இடைவெளி இல்லை, ஒரு நூல் இழை நெருக்கமும் இல்லை. ஊர் குனிந்து பார்த்தது.

"ரெண்டு விரக்கடை வளந்துச்சுன்னீங்களே சம்பந்தி?" என்றார் பந்தேலிமோன்.

வலேரியு கோட்டிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார். கல்லை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கார்ல வந்த அலைச்சல்" என்றார். "கொஞ்சம் இளைச்சிருக்கும்."

ஊர் சிரித்த சிரிப்பில் மேட்டு மணல் உதிர்ந்திருக்கும். பந்தேலிமோனும் சிரித்தார். ஸ்மாரண்டா அழுதுகொண்டே சிரித்து, மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டாள். செப்டம்பரில் கல்யாணம் என்று அங்கேயே, அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே முடிவாயிற்று.

பிறகு ஒருநாள், மற்றக் கற்களையும் அந்தந்த மலைக்கே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று பந்தேலிமோன் உதவிக்கு வந்தார். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாய் எடுத்து, "இது எந்த மலை?" என்று கேட்டார். வலேரியு கல்லைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அவை எல்லாம் ஞாபகார்த்தத்துக்காக எடுத்தவை என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

சரி, நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள், எனக்கும் சந்தோஷம். இப்போது உங்கள் பார்வை ஏன் அந்தப் புத்தக அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது? அந்தச் சின்னச் சங்கு, வழுவழுவென்று ஒரு கூழாங்கல், எந்த மலையென்று மறந்துபோன அந்தக் காய்ந்த இலை. "நான் எடுத்தது அப்படி இல்லீங்க, அது சும்மா கெடந்துச்சு" என்று ஆரம்பிக்கப் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், நான் கேட்கிறேன். ஆனால் ஆரம்பிக்குமுன், எதிரே உட்கார்ந்து அவ்வளவு அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் எந்த வாசலில் நின்றவர் என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.